கிள்ளான் ஆற்றங்கரையில் ஒரு நாள்: கரையிறங்கியவர்களின் கதை



1879ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மலாக்காவிலிருந்து கடல்வழி வந்த ஓர் ஆங்கிலப் பெண்மணி கிள்ளான் ஆற்றின் வழியே வந்து கிள்ளான் பட்டணத்தில் கரையிறங்கினார். அவர் பெயர் இசபெல்லா பேர்ட். அப்போது அவருக்கு வயது 47. உலகைத் தனியே சுற்றிவந்து, தாம் கண்டவற்றைத் தங்கைக்குக் கடிதங்களாக எழுதியவர். அக்கடிதங்களே 1883ஆம் ஆண்டில் மலாயாவைப் பற்றிய ஒரு நூலாக வெளிவந்தன. அன்று சிலாங்கூரின் பிரிட்டிஷ் ஆலோசகராக இருந்த புளூம்ஃபீல்ட் டக்ளஸ் என்பவரின் மேட்டுமனையில் அவர் சில நாள்கள் தங்கினார்.

கிள்ளான் அவருடைய மனத்தைக் கவரவில்லை. மேட்டின்மேல் ஆலோசகரின் மனை, அதனைச் சுற்றிக் காவலர்கள், பீரங்கிகள். கீழே பாதி வீடுகள் ஆளின்றிக் கிடப்பது போன்ற ஓர் ஊர். அவர் தீட்டிக் காட்டும் சித்திரம் இவ்வளவுதான். சில நாள்கள் இருந்தார், பார்த்தார், எழுதினார், நீராவிப் படகேறிச் சென்றுவிட்டார்.

கடந்த பள்ளி விடுமுறையில் சில மாணவர்களையும் அவர்களின் பெற்றோர்களையும் அழைத்துக்கொண்டு நான் கிள்ளானுக்குச் சென்றபோது இந்தப் பெண்மணியின் நினைவுதான் முதலில் வந்தது. நாங்களும் ஒரு நாள் விருந்தாளிகளே. வந்தது படகில் அன்று, கேடிஎம் கொம்யூட்டர் இரயிலில்! ஆனால் கிள்ளான் இரயில் நிலையம் ஆற்றை ஒட்டியே அமைந்திருப்பதால், இறங்கிய சில நிமிடங்களில் நாங்களும் ஆற்றங்கரையில் நின்றோம். அங்கு ஒரு மாணவி கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

"டீச்சர், நம்ம தாத்தா பாட்டியெல்லாம் இந்தக் கரையிலதான் எறங்குனாங்களா?"

உடனே 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லிவிட முடியாத கேள்வி அது. அதற்கு விடை தேடி அன்று முழுவதும் நடந்தோம்.

ஆறே சாலை

வரலாற்றைக் கற்பிக்கும் நாம் பெரும்பாலும் கட்டடங்களிலிருந்து தொடங்குகிறோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றை ஆற்றிலிருந்து தொடங்குவதே முறை. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நீளமுள்ள கிள்ளான் ஆறு, கோலாலம்பூருக்கு வடகிழக்கேயுள்ள மலைப்பகுதியில் பிறந்து, கோலாலம்பூரின் நடுவே ஓடி, மலாக்கா நீரிணையில் கலக்கிறது. சாலையும் இருப்புப் பாதையும் இல்லாத காலத்தில் உள்நாட்டிற்குச் செல்ல இருந்த வழி இதுவே. ஆற்றின் முகத்துவாரத்தைக் கட்டுப்படுத்தியவரே அதன் மேற்பகுதி வணிகத்தையும் கட்டுப்படுத்தினார். 1365ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஜாவாவின் நாகரகிரேத்தாகமம் என்னும் காவியத்திலேயே கிள்ளானின் பெயர் இடம்பெற்றுள்ளது என்பதிலிருந்து இவ்வூரின் பழமையை உணரலாம். அதனினும் பழமையான வெண்கல முரசு ஒன்று 1944ஆம் ஆண்டில் இங்குள்ள புக்கிட் கூடாவில் கண்டெடுக்கப்பட்டது.

நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவில், ஆற்றுக்கு அருகே கெடோங் ராஜா அப்துல்லா என்னும் பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளம் கனத்த சுவர், மேல்தளம் மரத்தாலானது. 1857ஆம் ஆண்டளவில் கிள்ளானின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ராஜா அப்துல்லா இதனைக் கட்டினார். மேலே குடியிருப்பு, கீழே ஈயமும் உணவுப் பொருளும் அடுக்கும் கிடங்கு. "வீடும் கிடங்கும் ஏன் ஒன்றாக இருந்தன?" என்று மாணவர்களைக் கேட்டேன். "ஆறு பக்கத்தில் இருப்பதால்" என்றான் ஒருவன். சரியான விடை. படகிலிருந்து இறக்கி, கிடங்கில் வைத்து, மீண்டும் படகில் ஏற்றும் வணிகத்தில் உரிமையாளரின் கண் எப்போதும் ஆற்றின் மேலேயே இருக்க வேண்டுமல்லவா!

அதே 1857ஆம் ஆண்டில் இங்கிருந்துதான் 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆற்றின் எதிர்ப்போக்கில் படகுகளில் அனுப்பப்பட்டனர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் அவர்கள் கரையிறங்கினர். பின்னர்க் காட்டைக் கடந்து அம்பாங் சென்று ஈயம் தோண்டினர். ஒரு மாதத்திற்குள் அவர்களுள் பெரும்பாலோர் மலேரியாக் காய்ச்சலுக்குப் பலியாகினர். எஞ்சியவர் 18 பேர் மட்டுமே. ஆயினும் மேலும் 150 பேர் அனுப்பப்பட்டனர். அவர்கள் கரையிறங்கிய அந்தக் கூடுதுறையே கோலாலம்பூர். 1909ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் இன்று அவ்விடத்தில் அழகுற நிற்கின்றது. இறந்த அந்த 69 பேரின் பெயர்களை நம்மில் யார் அறிவோம்?

பீரங்கி மேடும் கருவூல எழுத்தரும்

இசபெல்லா பேர்ட் கண்ட பீரங்கிகளுக்கும் ஒரு காரணம் உண்டு. ஈயத்தின் வருவாய் பெருகப் பெருக, ஆற்றின் வரியை யார் வாங்குவது என்ற பூசலும் பெருகியது. 1867ஆம் ஆண்டில் ராஜா மஹாடி கிள்ளானைக் கைப்பற்றினார். அன்று மூண்ட சிலாங்கூர் உள்நாட்டுப் போர் 1873 வரை நீடித்தது. ராஜா மஹாடியின் கோட்டை இருந்த மேடு இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. போர் ஓய்ந்ததும் ஆங்கிலேயரின் ஆலோசகர் முறை வந்தது. 1875 முதல் கிள்ளான் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகராக விளங்கியது. அந்த இயற்றுப்போக்கில் ஆறு ஆண்டுகளுக்கு முன் போர்க்களமாக இருந்த ஊரைத்தான் 1879இல் அப்பெண்மணி 'வெறிச்சோடிய ஊர்' எனக் கண்டார்.

முதல் ஆலோசகரான டேவிட்சனுடன் சிங்கப்பூரிலிருந்து சிலாங்கூருக்கு வந்தவர்களுள் ஒரு தமிழ் இளைஞரும் இருந்தார். அவர்தாம் கா. தம்புசாமிப் பிள்ளை. 1850ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பிறந்தவர். எழுத்தராகப் பணியாற்றிக் கருவூலத்தில் உயர்ந்தவர். பின்னர்க் கோலாலம்பூரில் மகாமாரியம்மன் ஆலயத்தையும் பத்துமலைத் திருத்தலத்தையும் உருவாக்கியவர் என்று நம் பிள்ளைகள் அறிவர். அவருடைய சிலாங்கூர் வாழ்வு ஆற்றங்கரைத் தலைநகரின் காலத்திலேயே தொடங்கியது என்பதை அறிந்தவர் சிலரே. 1880ஆம் ஆண்டில் தலைநகர் கோலாலம்பூருக்கு மாறியது.

படகிலிருந்து இரயிலுக்கு

தலைநகர் மாறிய பின்னும் ஆற்றின் தேவை ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. கிள்ளானிலிருந்து டாமான்சாரா என்னும் ஆற்றுத்துறை வரை படகு. அங்கிருந்து கோலாலம்பூருக்கு மாட்டுவண்டி. ஈயம் இறங்கியதும் அரிசி ஏறியதும் இவ்வழியேதான். மழைக்காலத்தில் வண்டிச் சக்கரங்கள் சேற்றில் புதையும், செலவும் மிகுதி. ஆகவே 1886ஆம் ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டது. வெண்கல முரசு கிடைத்த இடமென மேலே குறிப்பிட்டேனே, அதே புக்கிட் கூடாதான்! அது ஆற்றின் வடகரை. ஆற்றைக் கடக்கப் பாலம் அமைத்து, 1890ஆம் ஆண்டில் இரயில் கிள்ளான் பட்டணத்திற்குள் வந்தது.

பெரிய கப்பல்கள் ஆற்றினுள் நுழைந்து கிள்ளான் வரை வர இயலாது, ஆழம் போதாது. ஆதலால் 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆற்று முகத்துவாரத்தில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியதும் இதுவே. சதுப்பு நிலத்தில் எழுந்த துறைமுகம் ஆதலால் திறந்த சில வாரங்களிலேயே மலேரியா அங்குள்ளோரை வாட்டியது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்பதை 1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அக்கண்டுபிடிப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். காட்டை வெட்டி, வடிகால்கள் தோண்டித் தேங்கிய நீரை வெளியேற்றச் செய்தார். நோய் வெகுவாகக் குறைந்தது. உலகில் மலேரியாவை வடிகால் வெட்டி வென்ற முதல் சில ஊர்களுள் நம் கிள்ளானும் ஒன்று என்பது பெருமைக்குரியது. அறிவியல் பாடத்திற்கும் வரலாற்றுப் பாடத்திற்கும் பொதுவான ஓர் எடுத்துக்காட்டாக இதனை ஆசிரியர்கள் பயன்படுத்தலாம்.

வாழ்நாளுக்கே கரையிறங்கியவர்கள்

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். நம் முன்னோர் இந்த ஆற்றங்கரையிலா இறங்கினர்?

பெரும்பாலோர் இங்கு இறங்கவில்லை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ, பின்னாளில் ஆற்று முகத்துவாரத்துப் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலோ இறங்கினர். 1926 முதல் பல்லாண்டு ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் நம் மூத்தோர் பலரின் நாவில் இன்றும் உண்டு. இறங்கியதும் நேரே வீட்டிற்குச் செல்ல முடியாது. நோய்த்தடுப்பு முகாமில் தங்க வேண்டும். அதன் பின்னரே தோட்டம். முதலில் காப்பித் தோட்டங்கள். 1900களின் தொடக்கத்தில் இரப்பர் விலை உயர்ந்தபோது கிள்ளானைச் சுற்றிலும் பால்மரக் காடுகள். ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை தொடர்ந்தது.

எங்களுடன் வந்த ஒரு மாணவரின் பாட்டி, எண்பது வயதைத் தொடுபவர், அதுவரை அமைதியாக நடந்துவந்தார். பழைய கோத்தா பாலத்தருகே நிழலில் அமர்ந்தபோதுதான் பேசினார். இப்பாலம் ஈரடுக்குப் பாலம். மேல்தளம் வாகனங்களுக்காகவும், கீழ்த்தளம் நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்குமாகவும் கட்டப்பட்டது. மிதிவண்டி என்றதும் பாட்டி சிரித்தார்.

"எங்கப்பா போர்ட்டுல எறங்கி, கேம்ப்ல இருந்திட்டுத்தான் தோட்டத்துக்குப் போனாங்களாம். சம்பாதிச்சு ஒரு சைக்கிள் வாங்குனாங்க. ஆனா எதுத்தாப்புல தொரை வந்தா, எறங்கி ஓரமா நிக்கணும். தொரை போனப்புறந்தான் ஏறணும். அத அப்பா சாகுற வரைக்கும் சொல்லுவாங்க."

பிள்ளைகள் நம்பவில்லை. "ஏன் பாட்டி இறங்கணும்? ரோடு எல்லாருக்கும் பொதுதானே?" என்றான் பேரன்.

அதே கேள்வியைத்தான் 1941ஆம் ஆண்டில் இக்கிள்ளான் மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளர்களும் கேட்டனர். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முதலியோரின் வழிகாட்டலில், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பேரால் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், முறையான மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, பேசவும் கூடவும் உரிமை ஆகியன அவர்களின் கோரிக்கைகள். துரைமார் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் அவற்றுள் ஒன்று. கூலி உயர்வுக்கு இணையாக மிதிவண்டியும் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது வேடிக்கையன்று. அது தன்மானம் பற்றியது.

இன்னொரு கோரிக்கையை ஆசிரியர்களாகிய நாம் மறக்கவே கூடாது. தங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அப்பட்டியலில் இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதிற்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்திருந்தது. சட்டம் இருந்தது, ஆனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையும், ஓய்ந்த நேரத்தில் பாடம் சொல்லும் ஒரு கிராணியோ கங்காணியோ மட்டுமே. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அதனினும் மேலானது வேண்டுமென்று கேட்டு வேலையைத் துறந்து நின்றனர்.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் மேலும் பரவியது. மே 16இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியர் மலாயாவில் புகுந்தனர். பெரும்போரின் இரைச்சலில் இந்தப் போராட்டம் மறக்கப்பட்டது.

பாட்டியின் தந்தையார் அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தாரா என்று கேட்டேன். "இருந்திருப்பாங்க. எல்லாருந்தானே நின்னாங்க. அதப்பத்தி அப்பா பேசமாட்டாங்க" என்றார். சைக்கிளைப் பற்றிச் சாகும்வரை பேசியவர், போராட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. ஏன் என்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சம் கனத்தது.

செங்கல்லூரில் முடிந்த நாள்

மாலையில் இரயிலேறிக் கோலாலம்பூர் செண்ட்ரலில் இறங்கினோம். நிலையத்தை ஒட்டியே பிரிக்பீல்ட்ஸ். இதுவும் கிள்ளான் ஆற்றங்கரை ஊர்தான் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும், ஆண்டிறுதியில் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டுமென ஆலோசகர் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் ஆணையிட்டார். ஆற்றங்கரைக் களிமண் செங்கல்லாயிற்று; செங்கற்சூளைகள் இருந்த இடம் அப்பெயரையே பெற்றது. பின்னர் இங்கு இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இருப்புப் பாதையை நம்பி இங்குக் குடியேறினர். 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' என்றழைக்கப்பட்ட பழைய ஊழியர் வீடுகள் 2010களில் இடிக்கப்பட்டுவிட்டன. 1904ஆம் ஆண்டில் எழுந்த விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 2010 அக்டோபரில் இப்பகுதி லிட்டல் இந்தியாவாக அதிகாரப்பூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது.

ஆகவே மாணவிக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அம்மா, இந்தக் கரையில் இறங்கியவர்களும் உண்டு, ஆற்றின் வாயிலில் இறங்கியவர்களும் உண்டு, பினாங்கில் இறங்கியவர்களும் உண்டு. உன் பாட்டனார் எங்கே இறங்கினார் என்பதை வீட்டில் கேட்டால்தான் தெரியும்."

சில நாள் தங்கியவரின் நூல் 140 ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் படிக்கப்படுகிறது. வாழ்நாளுக்கே கரையிறங்கியவர்கள் எதுவும் எழுதவில்லை. எழுதுவதற்கு அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதனால்தான் அவர்கள் பள்ளியைக் கேட்டனர். அப்பள்ளியில் இன்று ஆசிரியர்களாக நிற்பவர்கள் நாம். அவர்கள் எழுதாததை அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் எழுதச் செய்வது நம் கடன் அன்றோ?

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் சில பரிந்துரைகளை முன்வைக்கிறேன்.

1. வீட்டிலுள்ள மூத்தோரிடம் பிள்ளைகள் நான்கு வினாக்களைக் கேட்கட்டும்: யார் முதலில் வந்தார்? எந்தத் துறையில் இறங்கினார்? எந்தத் தோட்டத்திற்கு அல்லது எந்த வேலைக்குச் சென்றார்? எந்தப் பள்ளியில் படித்தார், அல்லது ஏன் படிக்கவில்லை?

2. விடைகளை மூத்தோரின் சொந்தச் சொற்களிலேயே எழுதச் செய்யுங்கள். தொரை, லயம், கிராணி, தண்டல் போன்ற சொற்களைத் திருத்த வேண்டாம். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யலாம்.

3. பழைய கடவுச்சீட்டு, குடியுரிமைப் பத்திரம், சம்பளச் சீட்டு, நிழற்படம் ஆகியன வீட்டில் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்து, ஆண்டும் இடமும் குறித்து வையுங்கள்.

4. ஒரு நாள் கிள்ளானுக்கு அழைத்துச் செல்லுங்கள். நிலையம், சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சிக்கூடம், கெடோங் ராஜா அப்துல்லா, கோத்தா பாலம், தெங்கு கெலானா சாலை ஆகிய அனைத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். காலையில் தொடங்குவது நல்லது. குடையும் தண்ணீரும் கட்டாயம்!

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் இல்லை, பால்மரங்களும் இல்லை. நினைவைச் சுமப்பவர்கள் எண்பதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். இவ்வார இறுதியிலேயே கேளுங்கள்.

அந்தப் பாட்டியின் பேரன் மறுவாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். "என் கொள்ளுத்தாத்தா" என்பது தலைப்பு. பதினொரு வரிகள். கடைசி வரியில், தாத்தாவின் சைக்கிள் கறுப்பு நிறம் என்று எழுதியிருந்தான்.